பழைய கொரோலாவா, பழைய ஜீப்பா?

வாகனக் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் 2004ஆம் ஆண்டு கொரோலா 121 இருக்கிறது. ஓட்டோ கியர், 2,30,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. தினமும் திருகோணமலை டவுனுக்கும், மாதம் ஒருமுறை கொழும்புக்கும், மாரியில் வயல் பார்க்க மூதூர்ப் பக்கமும் போகிறோம். முன்பக்கம் கடகடக்கிறது, ஏசி குளிரவில்லை, கீழே கறள். கராஜில் பெரிய தொகை சொல்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், காரில் இருந்து எழும்பக் கஷ்டப்படுகிறார். இதை விற்று, மேலே காசு போட்டு 2009 நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஜீப் ஒன்று எடுக்கலாமா?
- வாசகி, நிலாவெளி

பதில்: மற்றதெல்லாம் பிறகு. முதலில் கறள் எங்கே என்று பாருங்கள். சைலன்சரிலும் போல்ட்டுகளிலும் இருந்தால் கவலை வேண்டாம், கடற்கரையில் நிற்கும் எந்த வாகனத்திலும் அது இருக்கும். ஜாக் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, பின்சில்லு வளைவின் உட்புறம், முன் ஷொக் மேலே பொருந்தும் இடம் (ஷொக் கோபுரம்), ஸ்பெயார் டயர்க் குழி, பின்சில்லுகளைத் தாங்கும் பீம் பூட்டும் இடம் ஆகிய ஆறையும் வாகனத்தை ஹொய்ஸ்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ ட்ரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் தகடு நல்லது. 'பொத்' என்று அடங்கினால் உள்ளே தின்றுவிட்டது. பிரேக் பைப்புகளையும் விரலால் தடவிப் பாருங்கள், செதில் செதிலாக வந்தால் உடனே மாற்ற வேண்டும்.

இந்த இடங்கள் நன்றாக இருந்தால் என் பதில்: காரைத் திருத்தி வைத்திருங்கள். பீம் பூட்டும் இடமோ ஷொக் கோபுரமோ உக்கியிருந்தால் ஒரு சதமும் செலவழிக்காமல் விற்றுவிடுங்கள். ஒட்டுத் தகடு வைத்து அண்டர் சீல் (அடிப்பூச்சு) அடித்தால் இரண்டு மாரிக்குள் பக்கத்துத் தகடும் போய்விடும்.

கராஜ்காரர் சொன்ன தொகையை ஒரே தொகையாக ஏற்காமல் மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: முன்பக்கம், ஏசி, உடல். முன்பக்கச் சத்தத்துக்கு எடுத்தவுடனேயே நான்கு ஷொக்கையும் மாற்றச் சொல்வது வழக்கம். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருப்பதும் வழக்கம். சின்னக் குழிகளில் 'டொக் டொக்' என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க். நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்ப முறுக்கும் சத்தம் வந்தால் ஷொக் மவுண்ட். பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு தடித்த அடி கேட்டால் லோவர் ஆம் புஷ். போல் ஜொயின்டையும் ரெக் எண்டையும் சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாலே தெரியும். இவை எல்லாமே 121க்குத் திருகோணமலையிலேயே கிடைக்கும். மாற்றிய அன்றே வீல் எலைன்மென்ட் செய்யாவிட்டால் புது டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும்.

ஏசியில் உப்புக்காற்று முதலில் தின்பது முன்னால் இருக்கும் கொண்டென்சரை. அதில் எண்ணெய் பிடித்த அழுக்குத் திட்டு இருந்தால் கசிவு அங்கேதான். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் அடித்தால் சில வாரங்களில் பழைய கதைதான். கொண்டென்சரோடு, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றி, குறைந்தது அரை மணித்தியாலம் வெக்கியூம் இழுத்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். எஞ்சினைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 1.5 லீற்றர் 1என்செட் எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்குள் ஒயில் குறைந்தால் அதைக் கிளறவே தேவையில்லை.

இனி ஜீப். 2004 காரை விட்டு 2009 ஜீப்புக்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து வயது இளமை மட்டும், அதுவும் இன்னொருவர் எப்படி ஓட்டினார் என்று தெரியாத ஐந்து வயது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபோது ஏறிய பழைய வாகன விலை, 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்த பிறகும் வரி காரணமாகப் பெரிதாக இறங்கவில்லை. ஆகவே நீங்கள் 'மேலே போடும் கொஞ்சக் காசு' கொஞ்சமாக இருக்காது.

எண்ணெய்க் கணக்கு: மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டம் என்று வைத்தால், லீற்றருக்கு 12 ஓடும் கொரோலா 83 லீற்றர் குடிக்கும். 8.5 ஓடும் எக்ஸ்-ட்ரெயில் 118. வித்தியாசம் 35 லீற்றர். லீற்றரை 300 ரூபாயாக வைத்தாலே மாதம் 10,500 ரூபா. நாலுசில்லு இழுவை உள்ளதானால் ட்ரான்ஸ்ஃபருக்கும் பின் டிஃபரென்ஷியலுக்கும் தனித்தனி ஒயில் வேறு. டயர் 215/65 ஆர்16. ஒன்று வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருக்காவிட்டால் பின்சில்லுகளுக்கு இழுவை கொடுக்கும் கப்ளிங் சூடாகிக் கெட்டுவிடும்.

அந்த எக்ஸ்-ட்ரெயிலின் (டி31 மாடல்) உயிர் நாடி சிவிடி எனப்படும், படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ கியர் பெட்டி. என்எஸ்-2 ஒயிலைத் தவிர வேறு ஊற்றியிருந்தால் வாங்க வேண்டாம். ஏசி போட்டு அரை மணி நேரமாவது ஓட்டி, சூடான பிறகு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நிறுத்தி மெதுவாக எடுங்கள். உதறினாலோ, ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டாலோ விலை பேசாமல் திரும்பி வாருங்கள். கந்தளாய்ப் பக்கம் சற்றுத் தூரம் விரட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது, சூட்டில் வேகத்தைத் தானாகக் குறைக்கும் பெட்டி நீள ஓட்டத்தில்தான் பிடிபடும். இதன் பாகங்களுக்குப் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகள்தான், அதாவது வாகனம் இரண்டு மூன்று நாள் கராஜில் நிற்கும்.

உயரத்தால் வரும் நன்மையை மறுக்கவில்லை. கொரோலாவின் தரை இடைவெளி 150 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, எக்ஸ்-ட்ரெயிலுக்கு 200 அளவில். வயல் வரம்புப் பாதையில் அது தெரியும். தினமும் ஓடும் நிலாவெளி வீதியில் தெரியாது. இரவில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானைக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். அப்பாவின் முழங்காலே உங்கள் உண்மையான காரணம் என்றால் அவரையே கூட்டிக்கொண்டு போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இருக்கை அவரது இடுப்பளவில் இருந்தால் எழும்புவது லேசு, அதைவிட உயர்ந்தால் (மொன்டெரோ போல) ஏறுவதே வேதனை. அவருக்கு உண்மையிலேயே லேசாக இருந்தால் ஜீப் எடுப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் வருடத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 2014 ஹொண்டா வெசல் ஹைபிரிட் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வாகனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், கிண்ணியா

பதில்: 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இதைக் கேட்காமல் எந்த வாகனமும் வாங்கக்கூடாது. கழுவி வாசனை அடித்தாலும் மறைக்க முடியாத இடங்கள் சில உண்டு. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள், கடைசி ஓர் அடியில் மண் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட் தலையில் கறள், கார்பெட்டுக்குக் கீழே வயர் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு, ஹெட்லைட்டுக்குள் வண்டல். வெசலில் ஒன்று கூடுதல்: ஹைபிரிட் பற்றரி பின் டிக்கித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. டிக்கித் தட்டைத் தூக்கி, ஓரங்களில் மண் இருந்தால் அந்த விலை நல்ல விலையே இல்லை.

வெள்ளம் படாததாக இருந்தாலும் 7 கியர் இரட்டைக் கிளச் பெட்டியைக் கவனியுங்கள். அதன் மென்பொருளுக்காக ஹொண்டா 2014இல் ஜப்பானிலேயே வாகனங்களைத் திரும்ப அழைத்தது. டவுன் நெரிசலில் ஊர்ந்து ஓட்டுங்கள், ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுங்கள். உதறல், கியர் எச்சரிக்கை, இழுக்கத் தயக்கம் மூன்றில் எது வந்தாலும் ஸ்கேன் செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். சி.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) லீசிங் நிறுவனத்தின் பெயர் அப்சலூட் ஓனராக (முழு உரிமையாளராக) இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: நாலுசில்லு இழுவை இருந்தால் உப்புவெளி மணலில் இறக்கலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: இறக்கலாம், நாலுசில்லு லொக் பொத்தானை அமத்தி, டயர்க் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்து. புதைந்தால் எக்ஸிலேற்றரை மிதிக்காதீர்கள், சில்லு சுழலச் சுழலக் கப்ளிங் சூடாகி எச்சரிக்கை விளக்கு மின்னும். மண்ணைத் தோண்டி, பலகை போட்டு எடுங்கள். அலை தொட்ட மணலில் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால் அதால் கழுவுவதும் கழுவாமல் விடுவதும் ஒன்றுதான்.