கார்டில் நான் செய்யாத ஒரு சின்னத் தொகை கழிந்திருக்கிறது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். திருடிய கார்டு எண் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் இப்படிச் சில்லறையாகத்தான் எடுத்துப் பார்ப்பார்கள், அது தடையில்லாமல் நடந்துவிட்டால் அடுத்து பெரிய தொகைக்குக் கை வைப்பார்கள். உடனே வங்கிச் செயலியில் கார்டை முடக்குங்கள், அப்புறம் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே அழைத்துச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் உதவி எண்ணை நம்பவே வேண்டாம், போலிகள் உண்டு.

ஏடிஎம்மில் போடும் ரகசிய பின் (PIN) நம்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. பல தளங்களில் கார்டு எண், காலாவதித் தேதி, கார்டிலேயே அச்சிட்டிருக்கும் அந்த 3 இலக்க சிவிவி எண் இருந்தாலே வாங்கிவிடலாம், அதனால் புது எண்ணோடு புதுக் கார்டே கேளுங்கள். நடுவில் யாராவது அழைத்து, பணத்தைத் திருப்பித் தர ஓடிபி சொல்லுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள், பணம் திரும்பி வர ஓடிபி தேவையே இல்லை.