இழுக்கும் நாயும் தளர்ந்த வாரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: நாய் இழுக்கிறது. எழுதியவர்களில் பலர், தங்கள் நாய்க்குப் பிடிவாதம் அதிகம் என்றோ, அது தங்களை மதிப்பதில்லை என்றோ வருந்தியிருக்கிறார்கள். அப்படி வருந்தத் தேவையில்லை. இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போகலாம் என்று அதற்கு நாள்தோறும் தெரிகிறது, அதனால் இழுக்கிறது. அந்த ஒரு கணக்கை மாற்றுவதுதான் கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. ‘இழுத்தால் நின்றுவிடுங்கள்’ என்று படித்து, மூன்று வாரமாக நின்று பார்க்கிறேன். நின்றதும் திரும்பி என்னிடம் வருகிறான். பிஸ்கட் கொடுத்துவிட்டு நடந்தால் அடுத்த நொடியே இழுக்கிறான். எங்கே தவறு?

உங்கள் நாய் நன்றாகவே கற்றிருக்கிறான். ஆனால் அவன் கற்றது, ‘இழு, நில், திரும்பு, தின்’ என்று நான்கும் சேர்ந்த ஒரு விளையாட்டு. இழுப்பதும் அதில் ஒரு படியாகிவிட்டதால் அவன் அதை விடாமல் செய்கிறான்.

நிற்பது தேவையானதுதான். ஆனால் நின்றால் அவனுக்குத் தெரிவது, எது பலிக்காது என்பது மட்டுமே. எது பலிக்கும் என்பதை அவன் இழுக்காத நேரத்தில்தான் காட்ட முடியும். அதனால் தெருவை ஒரு வாரம் மறந்துவிட்டு வீட்டுக் கூடத்தில் தொடங்குங்கள். வாரை மாட்டி ஓர் அடி எடுத்து வையுங்கள். உங்கள் கால் அருகே அவன் இருந்தால், வார் தளர்ந்து தொங்கிக்கொண்டிருக்கும்போதே, பட்டாணி அளவுத் தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். எந்த இடத்தில் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம்: உங்கள் கால்சட்டையின் பக்கத் தையல் ஓரமாக, நாயின் வாய் உயரத்தில். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் அவன் உங்கள் முன்னால் வந்து நின்று வழியை மறிப்பான். தின்பண்டம் கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் நாய் வரும்.

ஓர் அடிக்கு ஒன்று என்பது பிடிபட்டதும் மூன்றடி, ஐந்தடி, திடீரென்று இரண்டடி, பிறகு எட்டடி என்று ஒழுங்கில்லாமல் மாற்றுங்கள். ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. கூடத்தில் சரியாக வந்தால் வாசல்படி, பிறகு அமைதியான தெரு. ஒவ்வொரு புது இடத்திலும் மறுபடி ஓர் அடிக்கு ஒன்று என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். வீட்டில் தெரிந்த பாடம் தெருவில் தானாக வந்துவிடாது. கூடத்தில் இல்லாத ஆயிரம் வாசனைகள் அங்கே காத்திருக்கின்றன.

தெருவில் வார் இறுகினால் நில்லுங்கள். வெட்டி இழுக்க வேண்டாம், அதட்ட வேண்டாம். அவன் திரும்பி வந்ததும் உடனே கொடுக்காமல், பக்கத்தில் நான்கைந்து அடி நடந்த பிறகு கொடுங்கள். உங்களுடைய மூன்று வாரச் சிக்கல் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. நின்றும் திரும்பாத நாயாக இருந்தால், உற்சாகமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி நீங்களே எதிர்த்திசையில் திரும்பி நடக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலுவலக அவசரத்தில் காலையில் அவன் இழுக்க இழுக்கப் பின்னால் ஓடிவிட்டு, மாலையில் மட்டும் நின்று பயிற்சி கொடுத்தால் இழுவை முன்னைவிட உறுதியாகும். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக ஊன்றுகிறது. இதற்கு நான் சொல்லும் வழி: முன்பக்க வளையமும் முதுகு வளையமும் உள்ள ஹார்னெஸ் (கழுத்துக்குப் பதிலாக மார்பையும் உடலையும் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்றைப் பயன்படுத்துங்கள். பயிற்சி நேரத்தில் வாரை முன்வளையத்திலும், அவசரத்துக்கு வெளியே போகும்போது முதுகு வளையத்திலும் மாட்டுங்கள். இரண்டு விதமான நடைக்கும் இரண்டு விதமான உணர்வு இருந்தால் நாய் பிரித்து அறிந்துகொள்ளும்.

கழுத்துப்பட்டையா, ஹார்னெஸ்ஸா?

இழுக்கிற நாய்க்கு ஹார்னெஸ்தான். கழுத்துப்பட்டையில் விழும் அழுத்தம் மூச்சுக்குழலை மட்டும் தாக்குவதில்லை. பட்டையை இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் உள்ள அழுத்தம் கூடுகிறது, ஹார்னெஸ்ஸில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கண் அழுத்த நோய் உள்ள நாய்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சிறிய இனங்களில் மூச்சுக்குழல் தளர்ந்து சுருங்கும் நோய் அதிகம். பக் போன்ற தட்டை முக இனங்களுக்கு ஏற்கெனவே மூச்சுவிடுவதே பாடு. இவற்றின் கழுத்தில் வாரை மாட்டவே வேண்டாம். பெயர்வில்லை தொங்கவிடக் கழுத்துப்பட்டை இருக்கட்டும். வார் ஹார்னெஸ்ஸில் இருக்கட்டும்.

ஹார்னெஸ் போட்டால் இழுவை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களுக்கும் ஹார்னெஸ்தான் மாட்டுகிறார்கள்; பாரம் உடலில் பரவுவதால் சிரமமின்றி இழுக்க முடிகிறது. மார்பின் நடுவில் வளையம் உள்ளது சற்று உதவும். நாய் முன்னால் பாய்ந்தால் அதன் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும், பாய்ச்சலின் வேகம் குறைந்துவிடும். வாங்கும்போது பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா, முன்கால்கள் தடையின்றி நீள்கின்றனவா, அக்குளில் உரசுகிறதா என்று பாருங்கள்.

முட்கள் வைத்த சங்கிலியைக் கழுத்தில் போட்டு, இழுக்கும்போது ஒரு வெட்டு வெட்டினால் இரண்டே நாளில் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் பயிற்சியாளர். போடலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

இரண்டே நாளில் இழுவை நிற்கலாம், மறுக்கவில்லை. வலிக்கிற காரியத்தை யாரும் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வலியை நாய் எதனுடன் முடிச்சுப் போடும் என்பது நம் கையில் இல்லை. எதிரே ஒரு குழந்தை வரும்போது ஆர்வத்தில் பாய்கிறது, கழுத்தில் முள் குத்துகிறது. நாலு முறை நடந்தால், ‘குழந்தை வந்தால் வலிக்கும்’ என்று அது முடிவு செய்யலாம். பிறகு குழந்தையைக் கண்டாலே உறுமும். தொடக்க காலத்தில் எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் செய்தேன். என்னிடம் வந்தபோது எல்லோரிடமும் வாலாட்டிய ஒரு நாய், போகும்போது கை உயர்ந்தாலே தரையோடு படுத்தது. அதன் நடை மிக ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனைதான்.

92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், தண்டனை முறைப் பயிற்சி பெற்ற நாய்களிடம் பதற்றக் குறிகள் அதிகம் காணப்பட்டன. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் பதற்ற ஹார்மோனின் அளவும் கூடியிருந்தது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எல்லாப் பயிற்சிக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது. உங்கள் பயிற்சியாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் மாறவில்லையென்றால் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

பத்து வாரக் குட்டி. வாரை மாட்டியதும் உட்கார்ந்துகொண்டு அதைக் கடிக்கிறது.

அதற்கு வார் இன்னும் ஒரு புதுப் பொருள். வீட்டுக்குள் இலேசான கயிறு ஒன்றை மாட்டி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும், சில நிமிடம் இழுத்துக்கொண்டு திரிய விடுங்கள். பிறகு கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு அது போகும் இடத்துக்கெல்லாம் நீங்கள் போங்கள். கடித்தால் இழுத்துப் பறிக்காதீர்கள், அது கயிறு இழுக்கும் போட்டியாகிவிடும். வாயில் வேறொரு பொம்மையைக் கொடுங்கள். உட்கார்ந்துவிட்டால் தரதரவென்று இழுக்காமல், இரண்டடி தள்ளிக் குனிந்து உட்கார்ந்து கூப்பிடுங்கள். தடுப்பூசி முடியும்வரை பல நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கிவிட வேண்டாம். தூக்கிக்கொண்டு போய் உலகத்தைக் காட்டலாம், காட்டவும் வேண்டும்.

ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்காமல் நகர மாட்டேன் என்கிறாள். இப்படி விட்டால் நடை எப்படி முடியும்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஆசைப்பட்டேன். நடை உங்களுக்கு உடற்பயிற்சி. அவளுக்கு அது அன்றைய செய்தித்தாள். மனித மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் 50 முதல் 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கு மேல். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், பெண்ணா ஆணா என்பதையெல்லாம் அவள் அந்தக் கம்பத்தில் படிக்கிறாள். அங்கிருந்து வெடுக்கென்று இழுப்பது, படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கையிலிருந்து பிடுங்குவது போல. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் மோப்பத் தேடல் செய்த நாய்கள், உணவு இருக்குமா என்று உறுதியில்லாத கிண்ணத்தை முன்னைவிட விரைவாக, நம்பிக்கையோடு அணுகத் தொடங்கின.

அதைவிட முக்கியம், மோப்பமே உங்கள் கையில் உள்ள மிகச் சிறந்த கூலி. தின்பண்டத்தைவிட அந்தக் கம்பம் அவளுக்கு உயர்வாக இருக்கலாம். கம்பத்துக்குப் பத்தடி முன்னால், வார் தளர்ந்திருக்கும்போது, ‘போ, மோந்து பார்’ என்று சொல்லி அவளோடு கம்பத்துக்கு நடந்து செல்லுங்கள். வார் இறுகினால் நில்லுங்கள், தளர்ந்ததும் மறுபடி கம்பத்தை நோக்கி நடங்கள். சில நாளில், கம்பத்தை அடைய வழி இழுப்பது அல்ல என்பது அவளுக்கு விளங்கிவிடும். நேரமில்லாத நாளில் தூரத்தைக் குறையுங்கள், மோப்பத்தைக் குறைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் நான்கு தெரு சுற்றுவதைவிட, அதே அரை மணியை ஒரே தெருவில் மோந்தபடி கழித்து வந்த நாய்தான் வீட்டில் நிம்மதியாகப் படுக்கும்.

தானாகச் சுருளும் வார் நல்லதா?

பயிற்சிக் காலத்தில் வேண்டாம். அதில் நாய் இழுத்தால்தான் கயிறு நீளும். எப்போதும் இலேசான இறுக்கம் இருந்துகொண்டே இருக்கும். நாம் மறக்கடிக்க நினைப்பதையே அது கற்றுக்கொடுக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் சாதாரண வார் போதும். திறந்தவெளியில் ஐந்து முதல் பத்து மீட்டர் நீளக் கயிற்றை ஹார்னெஸ்ஸில் மட்டுமே மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் அல்ல.

தனியாக நடக்கும்போது தங்கம். எதிரே இன்னொரு நாய் வந்தால் இரண்டு காலில் நின்று குரைக்கிறான். அவனைப் பிடிப்பதற்குள் தோள் கழன்றுவிடுகிறது.

அந்த நேரத்தில் அவனுக்கு எதுவும் ஏறாது. பயமோ ஆசையோ தலைக்கு ஏறியபின் நாய் தின்பண்டத்தைக்கூடக் கவனிக்காது. தின்ன மறுக்கிறானா? அப்படியானால் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

எதிரே நாய் இருப்பதை அவன் பார்க்க வேண்டும், ஆனால் குரைக்கத் தோன்றக் கூடாது. அந்தத் தூரம் சில நாய்களுக்கு இருபது மீட்டர், சிலவற்றுக்கு ஐம்பது. அந்தத் தூரத்தில் நின்று, அவன் எதிர் நாயைப் பார்த்த மறு நொடி மிகச் சுவையான ஒன்றைக் கொடுங்கள். பார்த்தான், கிடைத்தது, பார்த்தான், கிடைத்தது. சில நாட்களில் எதிர் நாயைப் பார்த்ததும் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அதன் பிறகுதான் தூரத்தை ஓரிரு அடி குறைக்க வேண்டும். திருப்பத்தில் எதிர்பாராமல் எதிர்ப்பட்டால், வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காமல் சட்டென்று திரும்பி வேறு வழியில் போய்விடுங்கள். நேருக்கு நேர் நெருங்காமல் வில் போல் வளைந்து கடப்பது நாய்களின் சொந்த மரியாதை முறை. நீங்களும் அப்படியே கடக்கலாம். கடித்த அனுபவம் இருந்தால் கால்நடை மருத்துவரையோ நடத்தை நிபுணரையோ நேரில் பாருங்கள். எழுத்தில் தரும் யோசனை அதற்குப் போதாது.

அம்மாவுக்கு 68 வயது. பகலில் அவர்தான் நாயை வெளியே அழைத்துப் போகிறார். போன வாரம் விழத் தெரிந்தார்.

அந்த நடையை இன்றே நிறுத்துங்கள். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் நாயை வாரில் அழைத்துப்போகும்போது எலும்பு முறிந்து சிகிச்சைக்கு வருவது 2004க்கும் 2017க்கும் இடையே இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இடுப்பெலும்பு முறிவும் அதில் அதிகம்.

பயிற்சியை நீங்கள் கொடுங்கள். நாய் உங்களிடம் இழுக்காமல் நடக்கத் தொடங்கிய பிறகு, அம்மாவும் உடன் நடந்து, அவர் கையால் தின்பண்டம் கொடுத்து, பிறகு வாரை அவர் கைக்கு மாற்றுங்கள். அதுவரை பகலில் வீட்டுக்குள் தின்பண்டத்தை ஒளித்துவைத்துத் தேடவிடும் விளையாட்டை அவர் ஆடலாம். இதை எல்லோருக்குமே சொல்கிறேன்: வாரைக் கையிலோ விரல்களிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் விரல் ஒடியும், விட நினைத்தாலும் விட முடியாது.

எத்தனை நாளில் மாறும்? என் கணவர் பொறுமையில்லாமல் இழுத்த இழுப்புக்கே போய்விடுகிறார்.

குட்டி என்றால் சில வாரம். ஆண்டுக்கணக்கில் இழுத்துப் பழகிய நாய் என்றால் மாதங்கள். வீட்டில் இரண்டு சட்டம் இருந்தால் எத்தனை மாதம் என்று என்னால் சொல்ல முடியாது. அவரிடம் முழுப் பயிற்சியையும் கேட்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து முதல் ஐம்பது அடி மட்டும் வார் இறுகினால் நிற்கச் சொல்லுங்கள். நாய் அதிகம் துடிப்பது அந்த ஐம்பது அடியில்தான்.

ஒன்பது வயது. இத்தனை நாள் அழகாக நடந்தவள், ஒரு மாதமாகப் போகும்போது பின்தங்குகிறாள், வரும்போது வீட்டை நோக்கி இழுக்கிறாள். மறுபடி பயிற்சி தர வேண்டுமா?

பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். நன்றாக நடந்த நாய் திடீரென்று மாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வலியைத்தான். இந்த வயதில் மூட்டு வாதம், முதுகுவலி, இதயக் கோளாறு, பார்வை மங்குதல் எதுவும் இருக்கலாம். வெயில் நேரமாக இருந்தால் தரையையும் பாருங்கள்: புறங்கையை ஏழு நொடி வைக்க முடியாத தரை அவள் பாதத்தையும் சுடும். மருத்துவமனையில் பதற்றத்தில் நாய்கள் நொண்டலை மறைத்துவிடும். அதனால் அவள் நடப்பதைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்துக்கொண்டு போய், மருத்துவரிடம் காட்டுங்கள்.