பிக்கப்பை நான்கு சக்கரமும் சாலையில் உருள, வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுப்பவர்களின் கேள்விகள்

கே: டோ பாரை (இரு வண்டியையும் பிணைக்கும் இரும்புச் சட்டம்) பிக்கப்பின் முன் பம்பரிலேயே மாட்டிவிடலாமா?

ப: கூடாது. பம்பர் வெறும் தகடு. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் பேஸ் பிளேட்டை (டோ பாரைத் தாங்கும் இரும்புத் தகடு) போல்ட் போட்டு இறுக்கி, அதில் மாட்டுங்கள்.

கே: எந்த டோ பார் வாங்கலாம்?

ப: வண்டியின் எடையை எழுதாமல் இதைக் கேட்டால் என்ன சொல்வது? பிக்கப் காலியாகவே 2 டன் வரும். தொட்டியில் கிடக்கும் சாமானோடு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ஹிட்ச் (முன்வண்டியின் பின்னால் உள்ள இணைப்பு), பால் (அதில் உள்ள இரும்பு உருண்டை), டோ பார், பேஸ் பிளேட் நான்கிலும் எதன் தாங்குதிறன் குறைவோ, அதுதான் உங்கள் வரம்பு.

கே: கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் போதும்தானே? போகப்போவது 80 கிலோமீட்டர்தான்.

ப: போதாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நிற்பதில்லை. கியர்பாக்ஸ்கள் கருகுவதும் நிற்பதில்லை. மேனுவல் பெட்டியில் அடியில் எண்ணெயில் முங்கியிருக்கும் கவுன்டர் ஷாஃப்ட் என்ற தண்டு சுற்றி, எண்ணெயை வாரி அடித்தால்தான் மேலே உள்ள பேரிங்குகள் நனையும். நியூட்ரலில் அதைச் சுற்றவைப்பது என்ஜின். வண்டியை இழுக்கும்போது பின்சக்கரம் மேலே உள்ள மெயின் ஷாஃப்டை மட்டும் சுற்றுகிறது. எண்ணெய் அடியிலேயே கிடக்கிறது, பேரிங் காய்ந்தபடி ஓடுகிறது. ஆட்டோமேட்டிக்கிலும் எண்ணெய் பம்ப் என்ஜினோடுதான் ஓடும். தயாரிப்பாளரே அனுமதித்த பெட்டிகள் சில உண்டு. உங்களுடையது அதில் ஒன்றா என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் பின்சக்கர டிரைவ் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் போகும் நீளத் தண்டு) கழற்றுங்கள். கழற்றுமுன் ஒட்டிச் சேரும் இரண்டு ஃபிளேஞ்சிலும் (போல்ட் போடும் வட்டத் தகடுகள்) பெயின்ட் கோடு போடுங்கள். இடம் மாறி மாட்டினால் அதிர்வு வரும். ஷாஃப்ட் பெட்டிக்குள் நேரே செருகும் வகையானால், உருவியதும் எண்ணெய் கொட்டும். மூடி தயாராக இருக்கட்டும்.

4×4 (நான்கு சக்கர டிரைவ்) என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸிலேயே (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரல் வேண்டும். கியர் நெம்புகோலின் நியூட்ரல் வேறு, இது வேறு. போட்டபின் என்ஜினை ஓடவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். வண்டி அசையக் கூடாது. இந்த நிலையில் ‘பார்க்’ வண்டியைப் பிடிக்காது, உருண்டுவிடும். அதனால் முதலில் சக்கரத்துக்குக் கட்டை, பிறகுதான் நெம்புகோல். இழுக்கும்போது கியர் எதில் நிற்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அதற்கும் கையேடுதான்.

கே: கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கலாமா?

ப: ஒரு அடிகூட வேண்டாம். பிக்கப்பின் முன்சக்கரம் ஒருபக்கமாக முழுக்கத் திரும்பிக்கொள்ளும், டோ பார் வளையும். கழற்றிவிட்டுத் திருப்புங்கள்.

கே: வளைவில் முன் டயர் தேய்ந்து சாலையில் கறுப்புக் கோடு விழுகிறது.

ப: ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கிறது. சாவி ‘ஏசிசி’ நிலையில் (என்ஜின் ஓடாது, ஸ்டியரிங் பூட்டாது) இருக்க வேண்டும். நாள் முழுக்க அப்படியே விட்டால் பேட்டரி இறங்கும். அதைத் தடுக்க எந்த ஃபியூஸைக் கழற்றலாம் என்று, மறுபடியும், கையேட்டில் பாருங்கள்.

கே: டோ பார் சரிவாக நிற்கிறது, பரவாயில்லையா?

ப: பாரின் இரு முனைக்கும் 75 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் வேண்டாம். பிரேக் பிடித்ததும் பின்வண்டி முன்வண்டியின் மேல் ஏறப் பார்க்கும், அல்லது அடியில் நுழையப் பார்க்கும்.

கே: பின்வண்டிக்குத் தனி பிரேக் அவசியமா?

ப: அவசியம். 2 டன்னைச் சேர்த்து நிறுத்த முன்வண்டியின் பிரேக் போதாது. டோ பார் அறுந்தால் தானே பிடிக்கும் பிரேக்அவே கம்பியையும் மாட்டுங்கள். இரு வண்டியையும் பிணைக்கும் காப்புச் சங்கிலி இரண்டையும் டோ பாருக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். பார் விழுந்தால் தரையைத் தொடாமல் தாங்கும்.

கே: வழியில் எதைப் பார்க்க வேண்டும்?

ப: முதல் 10 கிலோமீட்டரில் ஒருமுறை நில்லுங்கள், பிறகு மணிக்கு ஒருமுறை. டோ பாரில் செருகிய முள் (pin), அதன் கிளிப், விளக்கு பாருங்கள். ஒவ்வொரு வீல் ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. பின்சக்கரம் இரண்டும் சுட்டால் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்திருப்பீர்கள்.