திடலில் எழும்பிய வாயாங் மேடை: ஈசூன் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது, ஈசூனில் வாடகை அறை. அடுக்குமாடி புளோக்குக்கு எதிர்த் திடலில் ஒரே நாளில் மேடை எழும்பிவிட்டது. பொழுது சாய்ந்தால் தாளமும் ஊதலும் காதைப் பிளக்கின்றன. எட்டிப் பார்த்தால் மேலே பத்துப் பேர் பட்டும் ஜரிகையுமாக ஆடுகிறார்கள், கீழே இருபது பேர்கூட இல்லை. யாருக்காக இந்த ஆட்டம்? நம்மவர் போய் உட்காரலாமா, படம் எடுக்கலாமா? இவர்கள் யார், எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? கற்றுக்கொள்ள வழி உண்டா, சீனம் தெரியாமல் பாட முடியுமா?

சத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இரவு 10.30க்கு நிறுத்தியாக வேண்டும், அனுமதியே அப்படித்தான். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மேடையைப் பிரித்துவிடுவார்கள். புகார் கொடுக்கக் கிளம்பாதீர்கள்.

நீங்கள் பார்த்தது சீனத் தெருநாடகம். இதற்கு இங்கே எல்லா இனத்தாரும் சொல்லும் பெயர் வாயாங். மலாய்ச் சொல். அலுவலகத்தில் யாராவது 'சும்மா வாயாங் காட்டாதே' என்றால், முதலாளி முன்னால் மட்டும் வேலை செய்வதுபோல் நடிக்காதே என்று பொருள். மேடையில் உயிரைக் கொடுத்து ஆடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் அநியாயமான பேச்சுதான்.

யாருக்காக என்றால், சாமிக்காக. மேடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனியுங்கள். நேர் எதிரே கோவில் இருக்கும். கோவில் தள்ளி இருந்தால் ஒரு கூடாரம் போட்டு, சாமி சிலையையும் ஊதுபத்திக் கலசத்தையும் கொண்டுவந்து எதிரே வைத்திருப்பார்கள். கோவில் கமிட்டி காசு கொடுத்துக் குழுவை அழைப்பது சாமியின் பிறந்தநாளுக்கு, அல்லது நேர்த்திக்கடனுக்கு. நாற்காலியில் ஆள் இல்லாவிட்டாலும் ஒரு காட்சியையும் வெட்டாமல் ஆடி முடிப்பது அதனால்தான். துரௌபதி அம்மன் கோவிலில் விடிய விடியக் கூத்து நடந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியென்றால் நாம் போகலாமா? தாராளமாக. டிக்கெட் கிடையாது, யாரும் எந்த இனம் என்று கேட்கப்போவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். சீன ஏழாம் மாதம், பெரும்பாலும் ஆகஸ்ட் வாக்கில் வரும், முன்னோரும் பசித்த ஆவிகளும் பூமிக்கு வரும் மாதம். அப்போது முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு. காலியாக இருக்கிறதே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள். நடைபாதை ஓரத்தில் வைத்திருக்கும் ஆரஞ்சுப் பழம், ஊதுபத்தி, எரித்த காகிதச் சாம்பல் எதையும் மிதிக்காதீர்கள். அதே மாதத்தில் பளபள விளக்கும் கீபோர்டும் வைத்து, குட்டைப்பாவாடை போட்ட பாடகிகள் பாடும் மேடையும் வரும். அது கெத்தாய், வேறு சமாசாரம். கூட்டம் சேர்ப்பதால் பல கமிட்டிகள் வாயாங்கை விட்டு அதற்கு மாறிவிட்டன. ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் சாமிகளுக்கு விழா. பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும். அப்போதும் மேடை போடுவார்கள்.

எந்த நேரத்துக்குப் போவது? இரவு ஆட்டம் ஏழு மணி வாக்கில் தொடங்கும், எல்லோரும் அதற்குத்தான் போவார்கள். என்னைக் கேட்டால் விழாவின் முதல் நாள், கதை தொடங்குவதற்கு முன்பே போய் நிற்க வேண்டும். அப்போதுதான் சாமிக்கான முன்னாட்டம். தியோச்சு என்ற சீன வட்டாரமொழிக் குழு என்றால் ஐந்து சிறு துண்டுகள். அரசர் வேடம் வந்து மேடையைத் தூய்மை செய்யும். எட்டுச் சித்தர்கள் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள். முகமூடி போட்ட அதிகாரி ஒருவர் வாயே திறக்காமல் ஆடி, வாழ்த்து எழுதிய சுருளை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். தேவதை குழந்தையை ஒப்படைக்கும் துண்டு ஒன்று. கடைசியில் பிரிந்த குடும்பம் தலைநகரில் சேரும். குழந்தைத் துண்டின்போது கழுத்தை எக்கிப் பாருங்கள். மரப்பொம்மையை ஏந்திக்கொண்டு நடிகர்கள் மேடையை விட்டே இறங்கி சாமி முன்னால் போவார்கள். கமிட்டிக்காரர் வாங்கிச் சன்னிதியில் வைத்து, அங்பாவோடு, அதாவது சிவப்பு உறையில் போட்ட காசோடு, திருப்பிக் கொடுப்பார். மேடைக்குப் பின்னால் போக வாய்த்தால் அந்தப் பொம்மையைத் தொடாதீர்கள். குழு அதைத் தன் காவல் தெய்வமாகவே கும்பிடுகிறது.

எல்லா வாயாங்கும் ஒன்றல்ல. ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ் என்ற மூன்று வட்டாரமொழி நாடகங்கள்தான் அதிகம் கண்ணில் படும். மொழி புரியாவிட்டாலும் காதால் பிரிக்கலாம். தியோச்சில் ஆழமாக உறுமும் பெரிய சேகண்டி ஒன்று வரும், அதன் மேல் கீச்சென்று இரண்டு தந்தி வில்வாத்தியம். கான்டனீஸில் வயலினும் சாக்ஸபோனும் கேட்டால் திகைக்காதீர்கள், நூறாண்டு அளவில் பழகிப்போன கலப்பு அது.

ஹொக்கியன் தெருமேடையில் பெரும்பாலும் எழுதிவைத்த வசனமே கிடையாது. பலருக்குத் தெரியாத சங்கதி இது. ஆட்டத்துக்கு முன் ஒரு மூத்தவர் கதையைச் சொல்வார்: முதல் காட்சியில் யார் யார், எங்கே சண்டை, எங்கே பிரிவு. காட்சிகளின் பட்டியல் ஒன்று பின்னால் தொங்கும், அவ்வளவுதான். வசனத்தையும் பாட்டையும் மேடையிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து எந்த மெட்டு என்று வாத்தியக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? நடிகர் கையால் குறி காட்டுவார், அல்லது கடைசிச் சொல்லை ஒரு மாதிரி இழுப்பார். மத்தளக்காரர் அதைப் பிடித்துக் குச்சியைத் தட்டுவார், மற்றவர்கள் அவரைப் பார்த்து நுழைவார்கள். குறி பிந்தினால் நடிகர் ஒரு மெட்டிலும் வாத்தியம் வேறொன்றிலும் போய் முட்டும். அனுபவசாலிகள் இருந்தால் இரண்டே அடியில் சரியாகிவிடும். ஆகவே மேடையின் ஓரத்தில், சிறிய கெட்டித்தோல் மத்தளத்தோடு இருப்பவர் தெரிகிற மாதிரி உட்காருங்கள். முழு ஆட்டத்தையும் நடத்துபவர் அவர்தான்.

கதை புரிய, மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நாடகப் பெயரைப் படம் பிடித்து, கைப்பேசியில் மொழிபெயர்த்துக்கொண்டு தேடுங்கள். சில மேடைகளில் எழுத்துப்பலகையில் சீன வரிகள் ஓடும். அதையும் அப்படியே செய்யலாம். முதல்முறை பார்க்க 'சென் சானும் வூ நியாங்கும்' கிடைத்தால் விடாதீர்கள். குவான்சோ ஊர் இளைஞன் ஒருவனுக்கு மாடத்திலிருந்து ஒரு பெண் லிச்சிப் பழத்தை எறிகிறாள். அவன் கண்ணாடி மெருகு போடுபவனாக வேடமிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்து, வேண்டுமென்றே கண்ணாடியை உடைத்து, அந்தக் கடனுக்காக அங்கேயே வேலைக்காரனாகிறான். அவன் ஹொக்கியன் பேசும் ஊர்க்காரன், அவள் தியோச்சுப் பெண். இரு தரப்பு மேடையிலும் இந்தக் கதை ஓடுவதற்கு வேறு காரணம் வேண்டுமா? கறுப்பு முகமும் நெற்றியில் பிறையுமாக ஒருவர் வந்தால் அவர் நீதிபதி பாவ். சிவப்பு முகம் விசுவாசம், சுண்ணாம்பு வெள்ளை முகம் சூது.

இவர்கள் யார், எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலுக்குப் போனால், பக்கத்திலேயே ஸ்மித் ஸ்திரீட்டுக்கும் நடந்துவிட்டு வாருங்கள். 1887ல் அங்கே லாய் சுன் யுவன் என்ற கான்டனீஸ் நாடகக் கொட்டகை திறந்தது. அந்தத் தெருவையே சீனர்கள் நாடகக்கொட்டகைத் தெரு என்றார்கள். கட்டடம் நிற்கிறது, நாடகம் போய்விட்டது. சினிமாவும் தொலைக்காட்சியும் பாதியைத் தின்றன. 1979ல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் மீதியில் கைவைத்தது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வட்டாரமொழிகள் ஒதுங்கின. பாட்டியின் தியோச்சு பேரனுக்குப் புரியாமல் போனது. பார்ப்பவரும் குறைந்தார்கள், அதைவிடப் பெரிய இடி, புதிய நடிகர் வர வழியில்லாமல் போயிற்று. இன்று தொழில்முறைக் குழுக்களில் வயது கூடியவர்களே அதிகம். ஆள் போதாதபோது மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரவழைக்கிறார்கள்.

தொழில்முறைக் குழுக்களைக் கோவில் காசு காப்பாற்றுகிறது. வித்தையைச் சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றுவது பெரும்பாலும் சங்கங்கள். தியோச்சு இசைக்கும் நாடகத்துக்கும் எர் வூ சங்கம், 1912லிருந்து. பீக்கிங் நாடகத்துக்கு 1940ல் தொடங்கிய பிங் ஷே. 1941ல் தொடங்கிய சியோங் லெங், நான்யின் என்ற பழைய சீன இசைக்குப் பேர்போனது. கான்டனீஸுக்கு ஜோனா வோங்கும் அவர் கணவர் லெஸ்லி வோங்கும் 1981ல் நிறுவிய சைனீஸ் தியேட்டர் சர்க்கிள். ஜோனா வோங் அதே ஆண்டு, கலைஞர்களுக்கு அரசு தரும் கலாசாரப் பதக்கமும் பெற்றார். கற்றுக்கொள்ள நினைத்தால் தெருமேடைக் குழுவிடம் போகாமல் இப்படியொரு சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். விழாக்காலத்தில் குழுக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

சங்கத்தில் சேர்ந்தவுடன் பாடவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். முதலில் நடை. முழங்கால்களை ஒட்டி, குதிகாலிலிருந்து விரல்நுனிக்கு உருட்டி, சின்னச் சின்ன அடியாக மேடையைச் சுற்ற வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தாளை வைத்துக்கொண்டு பழகலாம். தாள் விழுந்தால் அடி நீளமாகிவிட்டது என்று அர்த்தம். தோள் மேலும் கீழும் ஆடக்கூடாது, ஆடினால் தலையிலுள்ள ஊசியணிகள் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து நீர்க்கை, அதாவது சட்டைக்கை நுனியில் தொங்கும் நீண்ட வெள்ளைத் துணி. புதியவர்கள் தோளிலிருந்து வீசுவார்கள், துணி சுருண்டு முகத்தில் விழும். வீச்சு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். வீசுவதைவிடக் கடினம் திரும்பச் சேர்ப்பது: மூன்று நான்கு சிறு உதறலில் துணி மடிப்பு மடிப்பாகக் கைமேல் வந்து உட்கார வேண்டும், கண் கீழே போகாமல்.

வேடம் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க விட்டால் பாருங்கள். கதாநாயகி முகத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, அதன் மேல் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த அடிப்பூச்சு. கண்ணிமையில் அழுத்தமாகச் சிவப்பு வைத்துக் கன்னத்துக்குக் கீழே போகப் போகக் கரைப்பார்கள். பிறகு பவுடர். அதைத் தேய்க்காமல் ஒற்ற வேண்டும், தேய்த்தால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரைமணியில் கோடு கோடாக வழியும். புருவமும் கண்ணும் எழுதியபின் தலைக்கட்டு. நாடாவை நெற்றிப் பொட்டில் வைத்துத் தோலை மேலே இழுத்துக் கட்ட, கண்வால் மேல்நோக்கி ஏறிவிடும். அடுத்து, மரச்சீவலை ஊறவைத்த பிசினில் நனைத்த மயிர்த்துண்டுகளை நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டுவார்கள். அகன்ற முகமும் முட்டை வடிவம் ஆவது இதனால்தான். அதன்மேல் நனைத்த கறுப்பு வலைத்துணி. ஈரமாகச் சுற்றினால்தான் தலையைப் பிடிக்கும். கட்டு தளர்ந்தால் பாதி ஆட்டத்தில் புருவம் இறங்கிவிடும். இறுகினால் தலை சுற்றும், வாந்தியே வரும். முதல் நாளே மூன்று மணி நேரம் கட்டிக்கொள்ளாதீர்கள். அரைமணியில் தொடங்கி ஏற்றுங்கள். கலைக்கும்போது முதலில் எண்ணெய், அப்புறம்தான் தண்ணீர்.

ஜரிகைப் பட்டைத் துவைக்க முடியாது. உள்ளே பருத்திச் சட்டை போட்டு வியர்வையை அங்கேயே நிறுத்தப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் உடுப்பை உட்புறம் திருப்பி, வெள்ளைச் சாராயம் தெளித்து நிழலில் காற்றாட விடுவார்கள். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும், ஈரத்தோடு பெட்டியில் மடித்தால் இரண்டே நாளில் பூஞ்சை. அந்தப் பெட்டிகள் மேல் உட்காராதீர்கள். பழைய வழக்கப்படி கோமாளி வேடக்காரருக்கு மட்டும்தான் எந்தப் பெட்டியிலும் உட்கார உரிமை. நம் கட்டியங்காரனைப் போல அவருக்கு எல்லா இடத்திலும் சலுகை.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். சுழன்று வாள் வீசுகிறவர் கண்ணில் அடித்தால் ஆபத்து. முகத்தை அருகில் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். போர்த்தெய்வமான சிவப்பு முக குவான் கோங் வேடம் போட்டவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள், அவர் ஊதுபத்தி ஏற்றிவிட்டு மேடையேறுபவர்.

சீனம் தெரியாமல் பாட முடியுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தாய்லாந்தின் தியோச்சுக் குழுக்களில் இசான் பகுதித் தாய்க்காரர்கள் நிறையப் பேர் ஆடுகிறார்கள். வசனத்தைத் தாய் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அவர்கள் எழுத்தில் தொனிக்குறி, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி, உண்டு, அதனால் முடிகிறது. தமிழில் எழுதினால் இரண்டு இடத்தில் இடிக்கும். தியோச்சில் எட்டுத் தொனி, நமக்குக் குறியே இல்லை. அங்கே மூன்று வேறு ஒலிகளாக இருப்பவை நமக்கு ஒரே 'ப'. ஒவ்வொரு அசையின் மேலும் 1 முதல் 8 வரை தொனி எண் போடுங்கள். மூச்சு விட்டுச் சொல்லும் 'ப'வுக்குக் கீழே ஒரு கோடு, அதிரும் 'ப'வுக்கு ஒரு புள்ளி. பாடுபவர் ஒருவரை மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொண்டு அதைக் கேட்டே எண் போட வேண்டும், புத்தகத்தைப் பார்த்துப் போட்டால் தவறும்: இரண்டு சொல் சேரும்போது முன்சொல்லின் தொனி மாறிவிடும்.