தாத்தாவின் வாட்ச்சுக்குப் புது டயல் போடலாமா?

கேள்வி: தாத்தா 1960-களில் சென்னையில் வாங்கிய டிஸ்ஸோ கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. கூடவே உள்ள பழைய சீட்டில் 'லு லோக்ல்' என்று ஊர்ப்பெயர். வீட்டுக்கு வந்த தரகர், "கடிகாரத்துக்குப் பேர்போன ஜெனீவா இல்லையே, ஏதோ மலைக் கிராமத்துச் சரக்கு. மங்கிப்போன டயலை மாற்றி பாலிஷ் போட்டால்தான் விலை போகும்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். ஊரைக் காட்டிப் பயமுறுத்தி விலையைக் குறைப்பது தரகர்களின் பழைய வேலை.

லு லோக்ல் ஸ்விட்சர்லாந்தில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஜூரா மலையில் சுமார் 950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலம் நீண்டது, நிலத்தை நம்பி மட்டும் பிழைக்க முடியாது. 1705 வாக்கில் அங்கே குடியேறிய தானியேல் ஜான்ரிஷார் என்ற கடிகாரக்காரர் பலருக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் குளிர்காலத்தில் விவசாயக் குடும்பங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளுக்கொரு பாகமாகச் செய்யத் தொடங்கின. 1833-இல் பெரிய தீவிபத்து. திரும்பக் கட்டியபோது, கடிகார வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்று வரிசை வரிசையாக, நிறைய ஜன்னல்களுடன் வீடுகள் எழுந்தன. டிஸ்ஸோவை ஒரு தந்தையும் மகனும் தொடங்கியது இந்த ஊரில்தான், 1853-இல். ஜெனித் என்ற இன்னொரு கடிகாரக் கம்பெனியும் இங்கேதான், 1865-இல். பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனையும் இதையும் சேர்த்து, கடிகாரத் தொழிலுக்காகவே அமைந்த நகரங்கள் என்று 2009-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் சீட்டில் இருப்பது அந்தக் கம்பெனியின் பிறந்த ஊர். சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இனி டயல். நம் ஊரில் பழைய டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பெயரை மறுபடி அச்சடித்துத் தருகிறார்கள். பார்க்கப் புதுசாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்து தடித்து வழிந்திருக்கும், கீழே 'ஸ்விஸ் மேட்' கோணலாக இருக்கும். வாங்குகிற சேகரிப்பாளர் முதலில் பார்ப்பதே இதைத்தான். வயதாகி மங்கிய அசல் டயலுக்கு அவர் தரும் விலையைப் பளபளக்கும் பூச்சுக்குத் தரமாட்டார். பாலிஷும் அப்படித்தான், கேஸின், அதாவது வெளிக்கூட்டின், விளிம்பு தேய்ந்தால் திரும்ப வராது.

ஒரே ஒரு விதிவிலக்கு, கம்பெனியே தயாரித்த மாற்று டயல். அதிலும் கவனம் வேண்டும். கம்பெனி டயல்தான் என்பதற்கு ரசீது இருக்க வேண்டும். கழற்றிய பழைய டயலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், வேலையைக் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் "அதைத் தூக்கிப் போட்டாச்சே" என்பார்கள். விற்கும்போது பழையதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மதிப்பு ஓரளவு நிற்கும். பழைய டயல் கையில் இல்லையென்றால் இந்த விதிவிலக்கும் உங்களுக்கு இல்லை.

'ஸ்விஸ் மேட்' என்று போட, 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு ஸ்விட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டுச் சட்டம். இங்கே சந்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வார்த்தையை அச்சடிப்பவரை யார் கேட்கிறார்கள்? தங்க நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கிய நாட்டில் பழைய வாட்ச் வாங்குபவருக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. வருஷக்கணக்காக இதைச் சொல்லி அலுத்துவிட்டது.

இப்போதைக்குச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். நல்ல மெக்கானிக்கிடம் உங்கள் கண் முன்னால் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, மெஷினில் உள்ள பெயரையும் எண்ணையும் போட்டோ எடுங்கள். சுத்தம் செய்து எண்ணெய் விடுவது மட்டும் போதும். "டயலைத் தொடக் கூடாது" என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.