டச்சுக்காரர்களுக்கு மரியாதை தெரியாதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. சென்னையில் ஒரு குழுவுக்குத் தலைவனாக இருந்தவன் நான். போன வாரம் கூட்டத்தில் என் வடிவமைப்பை விளக்கினேன். என்னைவிட வயதில் மிகவும் சிறிய பெண் ஒருவர், “இது சரிப்படாது” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். மேலாளர் வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் அதே பெண் சிரித்துக்கொண்டே வந்து “காபி வேண்டுமா?” என்கிறார்! எதற்கெடுத்தாலும் கூட்டம்; முடிவு மட்டும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரை டீக்குக் கூப்பிட்டால் நாட்காட்டியைப் பார்த்து அடுத்த மாதம் ஒரு தேதி சொல்கிறார். இவர்களுக்கு மரியாதையே தெரியாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனம் நொந்தது புரிகிறது. நானும் அந்த நாட்டில் வேலை பார்த்தவன். ஆனால் அந்தப் பெண் உங்களை அவமதிக்கவில்லை என்றே நினைக்கிறேன். குறையை முகத்துக்கு நேரே சொல்வதுதான் அங்கே சக ஊழியருக்குத் தரும் மரியாதை. மனதில் வைத்துக்கொண்டு பிறகு வேறொருவரிடம் சொன்னால்தான் தவறாக எடுத்துக்கொள்வார்கள். அவர் காபி கேட்டதும் உண்மையான அன்போடுதான். மேலாளர் பேசாமல் இருந்தது நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று காத்திருந்ததால். “எந்த இடத்தில் சரிப்படாது?” என்று நீங்கள் அங்கேயே கேட்டிருக்கலாம்.

இந்தப் பழக்கத்துக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று அங்கே பலர் சொல்வார்கள். நானும் நம்புகிறேன். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. இடைக்காலத்தில் கரையோர விவசாயி ஒவ்வொருவருக்கும் அணைக்கரையில் ஒரு பகுதி பொறுப்பு. பராமரிக்க முடியாமல் போனவர் தன் மண்வெட்டியைக் கரையில் குத்தி வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போவார். அதைப் பிடுங்கி எடுப்பவருக்கு நிலமும் சேரும், கரையைக் காக்கும் கடமையும் சேரும். ஒருவர் கரை உடைந்தால் ஊரே மூழ்கும் என்னும்போது, “உன் கரையில் விரிசல் இருக்கிறது” என்று பக்கத்து நிலத்துக்காரர் தயங்காமல் சொல்லித்தானே ஆகவேண்டும்? பண்ணையாரானாலும் குடியானவரானாலும் கூடி உட்கார்ந்து பேசாமல் தீராத காரியம் அது. இதற்காக 13ஆம் நூற்றாண்டிலேயே உருவான நீர் வாரியங்கள் இன்றும் இருக்கின்றன, மொத்தம் 21. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றுக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள். 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்ததை அந்த நாடு மறக்கவில்லை.

அலுவலகத்திலும் இதே போக்குதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஊழியர் மன்றம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பணி நேர விதிகளை மாற்றக்கூட அதன் சம்மதம் வேண்டும். முடிவு தாமதமாகத்தான் வரும். ஆனால் வந்தபின் அதைப் பின்வாசல் வழியாக யாரும் மாற்றப் பார்ப்பதில்லை. அதனால் நம் வழக்கப்படி மரியாதைக்காகத் தலையாட்டிவிடாதீர்கள். “பார்க்கிறேன்” என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொண்டதாகவே குறித்துக்கொள்வார்கள். முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தேதியில், சொன்ன நிமிடத்தில் வாசலில் நிற்பார். பிறகு ஒருநாள் அவர் வீட்டுப் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவார். போய்ப் பாருங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவராகக் கைகுலுக்க வேண்டும். பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவருடைய மனைவிக்கும் அம்மாவுக்கும் மாமனாருக்கும்கூட வாழ்த்துச் சொல்ல வேண்டும்! காபியோடு ஒரு துண்டு கேக் வரும். எனக்கு மிகவும் பிடித்த டச்சு வழக்கம் இது. அலுவலகத்தில் உங்கள் பிறந்தநாள் வந்தால் கேக் வாங்கி வர வேண்டியவர் நீங்கள்தான், மறந்துவிடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர்ப்பேச்சு என்ற பெயரில் உங்கள் நிறத்தையோ உச்சரிப்பையோ யாராவது குத்திப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லோரையும் கேட்டு முடிவெடுக்கும் அந்த நாட்டிலும் சிலரின் குரல் கேட்கப்படாமல் போயிருக்கிறது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தார்கள் என்று பல்லாயிரம் பெற்றோர் மீது வரித்துறை தவறாகக் குற்றம் சாட்டியது. அவர்களில் பலர் வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்கள். அந்த விவகாரத்தில்தான் 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது.

உங்கள் சக ஊழியர் சொன்னது வடிவமைப்பைப் பற்றி மட்டும். அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவரிடம் வரைபடத்தைக் காட்டி, எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது தவறென்று பட்டால் அதையும் அவரிடமே நேராகச் சொல்லுங்கள்.