எருத்தொட்டிக்கு மானியம்: எட்டாவது மாதம் யார் கிளறுவார்கள்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். பூங்கா ஓரத்தில் சமையலறைக் கழிவை எருவாக்கும் தொட்டி அமைக்க, உள்ளாட்சி தரும் சமூக மானியத்துக்கு விண்ணப்பித்தோம். ‘பராமரிப்பு ஏற்பாடு தெளிவாக இல்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிட்டது. இப்போது அடுத்த சுற்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை எதை மாற்றி எழுதுவது?

பதில்: அந்த ஒற்றை வரியைக் கோபம் ஆறியபின் இன்னொரு முறை படியுங்கள். தட்டிக்கழிக்க எழுதியது போலத் தெரியலாம். ஆனால் தேர்வுக்குழுவின் முழுக் கவலையும் அதில்தான் இருக்கிறது. இப்படி ஒரு குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பணம் செலவாவதைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை, கொடுக்கத்தானே வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு முப்பது பேர் வந்து, எட்டாவது மாதம் ஒருவர்கூட வராமல் போவதுதான் பயம். நானே கையெழுத்துப் போட்டு அனுமதித்த தொட்டி ஒன்றை மறு வருடம் போய்ப் பார்த்தேன். மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம், அடியில் கறுப்பாகத் தேங்கிய நீர், நடுவில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகள். அதற்குப் பிறகு எந்த விண்ணப்பம் வந்தாலும் முதலில் பராமரிப்புப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.

அந்தப் பக்கத்தில் ‘உறுப்பினர்கள் அனைவரும் இணைந்து சுழற்சி முறையில் பராமரிப்பார்கள்’ என்று எழுதியிருந்தீர்களா? எல்லாருடைய வேலை என்றால் அது யாருடைய வேலையும் இல்லை என்று குழுவுக்குத் தெரியும். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘புதன், ஞாயிறு காலை 7 மணிக்கு இருவர் வந்து தொட்டியைக் கிளறுவார்கள். மொத்தம் எட்டுப் பேர், நான்கு இணைகள். ஓர் இணைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முறை வரும். இணையில் ஒருவர் வர முடியாவிட்டால் மாற்று ஆள் இவர்.’ எட்டுப் பேரின் ஒப்புதல் கையெழுத்தையும் இணைத்துவிடுங்கள். எட்டுப் பேர் தேறவில்லை என்றால், மன்னிக்கவும், நீங்கள் இன்னும் விண்ணப்பிக்கத் தயாராகவில்லை.

அடுத்து அளவு. 40 வீடுகளையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வேண்டாம். பத்து வீடுகளில் இரண்டு வாரம் தராசு வைத்துக் கழிவை எடை போடுங்கள். வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ வருகிறது என்று வைத்துக்கொண்டால் 40 வீட்டுக்கு வாரம் 140 கிலோ. கையால் கிளறுகிறவர்களுக்கு அது மலைப்பாகிவிடும். 15 வீடு என்றால் ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல், சமாளிக்கலாம். உலகளவில் நகராட்சிக் குப்பையில் 44 சதவீதம் உணவு, தோட்டக் கழிவு என்று உலக வங்கியின் 2018 அறிக்கை சொல்கிறது. விண்ணப்பத்தில் அதை ஒரு வரியில் குறிப்பிடலாம், தவறில்லை. ஆனால் குழுவை அசைப்பது உங்கள் தராசுக் கணக்குதான்.

இனி, அனேகமாக எல்லாரும் மறக்கிற ஒன்று: சருகு. காய்கறித் தோல் மட்டும் போட்டால் காற்றுப் போக வழியில்லாமல் அழுகும், நாறும். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு, மூன்று வாளி காய்ந்த இலையோ மரத்தூளோ கிழித்த அட்டையோ வேண்டும். சருகு தரும் கார்பனும் ஈரக் கழிவு தரும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்று அமைவதற்காகத்தான் இந்தக் கணக்கு. கழிவு தினமும் வரும். சருகு தினமும் உதிராது. அதனால் சருகைச் சேமிக்கத் தனியாக ஒரு கொட்டில் வேண்டும். நிரப்ப ஒன்று, முதிர ஒன்று, எடுத்துப் பயன்படுத்த ஒன்று என மூன்று தொட்டிகளோடு நான்காவதாகச் சருகுக் கொட்டிலும் உங்கள் பட்ஜெட்டில் இருந்தால், ‘இவர்கள் மண்ணைத் தொட்டவர்கள்’ என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடும்.

தொட்டி ஒவ்வொன்றும் நீளம், அகலம், உயரம் ஒரு மீட்டராவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. சரியாக வேலை செய்யும் குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசைத் தாண்டும். நோய்க்கிருமியும் களை விதையும் மடிவது அந்தச் சூட்டில்தான். நீண்ட முள் கொண்ட தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

எலி வருமா என்று கட்டாயம் கேட்பார்கள். இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் சேர்ப்பதில்லை, அடியிலும் பக்கத்திலும் 6 மில்லிமீட்டர் கண் கொண்ட கம்பி வலை என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ‘மக்கும் பை’ என்று அச்சிட்ட பைகளையும் உள்ளே விடாதீர்கள். அவற்றில் பல, பெரிய ஆலைகளில் நீடித்துக் கிடைக்கும் சூட்டில்தான் மக்கும். உங்கள் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

பண விஷயத்துக்கு வருவோம். இத்தகைய மானியங்கள் பெரும்பாலும் ஒருமுறைச் செலவுக்குத்தான். சம்பளம், மாதாந்திரச் செலவு என்றால் அடித்துவிடுவார்கள். ஒப்புதலுக்கு முன்பே வாங்கிய பொருளுக்கும் பொதுவாகப் பணம் வராது. ஆகவே தள்ளுபடி என்று யாராவது சொன்னாலும் இப்போதே மண்வெட்டி வாங்காதீர்கள். உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டால், உழைப்பு நேரத்தையும் கணக்கில் எடுப்பார்களா என்று விதிமுறையில் பாருங்கள். பல இடங்களில் எடுப்பார்கள். உங்கள் குடியிருப்புக் குழு பதிவு செய்யப்படவில்லை என்றால், பதிவான அமைப்பு ஒன்றின் கணக்கு வழியாகப் பணம் பெற வழி உண்டா என்று கேளுங்கள். பூங்கா உங்கள் இடம் அல்ல என்பதால் இடத்துக்கான எழுத்து மூல அனுமதியும் வேண்டும். மானியப் பிரிவும் பூங்காப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒன்று கொடுத்தது மற்றதற்குத் தெரியாது. அனுமதிக் கடிதத்தை நீங்களே வாங்கி இணைப்பதுதான் நல்லது.

கடைசியாக, தொட்டிக்கு எதிரே குடியிருப்பவர். நாற்பது வீட்டில் ஒருவராவது ‘என் ஜன்னலுக்கு நேரே குப்பையா?’ என்பார். அவரிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். அவர் சொன்னதையும், அதற்காக நீங்கள் தொட்டியை எத்தனை மீட்டர் தள்ளினீர்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். ‘அனைவரும் ஆதரிக்கிறார்கள்’ என்பதைவிட ‘ஒருவர் ஆட்சேபித்தார், இப்படித் தீர்த்தோம்’ என்பதை நான் அதிகம் நம்புவேன். அப்புறம், மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் நான்கு வரி ஒட்டுவோம் என்றும் சேருங்கள்: இந்த மாதம் எத்தனை கிலோ வந்தது, சூடு எவ்வளவு, என்ன தவறிப்போனது, புகாருக்கு யாரை அழைப்பது. தவறியதை மறைக்க வேண்டாம். நாற்றம் வந்த வாரத்தில் ‘சருகு தீர்ந்துவிட்டது, யார் வீட்டிலாவது இருக்கிறதா?’ என்று ஒட்டினால் மறுநாளே மூட்டை வந்து சேரும்.

உள்ளாட்சிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு பாக்கியிருக்கிறது. போன சுற்றில் மதிப்பெண் எங்கே குறைந்தது என்று மானிய அலுவலரிடம் கேளுங்கள். கேட்டால் பலர் சொல்வார்கள். ஆனால் விண்ணப்பம் முடியும் தேதிக்கு முந்தின நாள் அழைத்தால் அவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. இந்த வாரமே அழைத்துவிடுங்கள்.